ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய ஊசிகள்: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

புது நாட்டுக்கு வந்து, வீடு பிடித்து, வேலையில் உட்கார்ந்து கொஞ்ச காலத்திலேயே ஆப்பிரிக்கப் பயணம் வந்துவிடுவது இப்போது நிறைய பேருக்கு நடக்கிறது. அலுவலகம் அக்ராவுக்கோ லாகோஸுக்கோ அனுப்பும், அல்லது நண்பர்கள் சேர்ந்து கென்யா, தான்சானியா என்று விலங்குகள் பார்க்கக் கிளம்புவார்கள். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் எல்லாம் முடிந்த பிறகு, புறப்பட பத்து நாள் இருக்கும்போதுதான் "ஊசி ஏதாவது போடணுமா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைத் தேதி முடிவாகும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கையில் இருந்தால் எல்லாமே நிதானமாக முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லையில் அதிகாரி கேட்கும் ஊசி வேறு, உங்கள் உடம்புக்குத் தேவையான ஊசி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலரும் சிக்கலில் மாட்டுகிறார்கள். "அந்த நாட்டில் எதுவும் கட்டாயம் இல்லையாம்" என்று கேள்விப்பட்டதும் எதுவுமே போடாமல் போகிறவர்கள் ஒரு பக்கம், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு எல்லா நோய்க்கும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். எல்லையில் கேட்பது பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் நோய் நுழையக்கூடாது என்பதற்காக. உங்களைக் காப்பாற்றுவது அந்த அதிகாரியின் வேலை கிடையாது, அதை நீங்களும் உங்கள் மருத்துவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எல்லையில் கேட்பதிலிருந்து தொடங்குவோம். அது மஞ்சள் காய்ச்சல் ஊசி. கானா, உகாண்டா, கேமரூன், கொங்கோ ஜனநாயகக் குடியரசு போன்ற நாடுகள், நீங்கள் எங்கிருந்து வந்தாலும் சரி, உள்ளே நுழையச் சான்றிதழ் கேட்கின்றன. கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா போன்றவை, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருபவர்களிடம் மட்டும் கேட்கின்றன. இங்கேதான் சுற்றுலாப் பயணிகள் மாட்டுவார்கள். ஐரோப்பாவிலிருந்து நேராக நைரோபி போனால் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், ஆனால் கென்யாவே நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து தரை வழியாகத் தான்சானியாவுக்குள் நுழையும்போது கேட்கலாம், அடுத்து ஜோகன்னஸ்பர்க் போனால் அங்கேயும் கேட்கலாம். வழியில் விமானம் மாறும் ஊர்களும் கணக்கில் வரும். நோய் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், அந்த நாட்டிலிருந்தே வந்ததாக எடுத்துக்கொள்ளும் நாடுகள் பல. ஆகவே போகும் நாட்டின் பெயரை மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது, போகும் வழி, திரும்பும் வழி, நடுவில் இறங்கும் ஊர்கள், தங்கும் நாட்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

திரும்பும் வழி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா முடித்து அப்படியே இந்தியா போய் வீட்டாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் இருந்தால், இந்தியா இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு. நோய் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. எந்தக் கடவுச்சீட்டு என்றாலும் இதே விதிதான். காரணம் இல்லாமல் இல்லை. இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்தியா முழுக்க இருக்கிறது, டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான், ஆனால் மஞ்சள் காய்ச்சல் கிருமி மட்டும் இதுவரை அங்கே வேரூன்றவில்லை. கிருமி உடம்பில் நுழைந்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் காய்ச்சல் வெளிப்படும் என்பதால்தான் அந்த ஆறு நாள் கணக்கு.

ஊசி ஒரே தவணைதான். மாக்ஸ் தெய்லர் என்ற ஆய்வாளரின் குழு 1937ல் உருவாக்கிய 17டி என்ற வலுவிழக்கச் செய்த கிருமியை வைத்துத்தான் இன்றும் இது தயாராகிறது, அதற்காக 1951ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஏனென்றால் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்ட அவ்வளவு நாள் எடுக்கும். நாளை மறுநாள் விமானம் என்று இன்று ஓடிப்போய்ப் போட்டால் ஊசி உடம்பில் இருக்கும், சான்றிதழ் செல்லாது. முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று சர்வதேச விதியை மாற்றிவிட்டார்கள், பழைய அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தாலும்கூட. எப்போதோ ஒரு கப்பல் வேலைக்காகவோ படிப்புக்காகவோ போட்ட பழைய அட்டை வீட்டில் கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் அட்டையைப் பற்றித் தனியாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பெயர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், மருத்துவமனைக் கணினியில் வெறும் முன்னெழுத்து இருக்கும், ஊசி போடுபவர் திரையில் இருப்பதைப் பார்த்து அட்டையில் எழுதிவிடுவார். அப்படி விடாதீர்கள். கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோய், அதில் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு எண், மாதத்தை எழுத்தில் எழுதிய தேதி, மருந்தின் தொகுதி எண், மையத்தின் முத்திரை, மருத்துவரின் கையொப்பம், அப்புறம் உங்கள் கையொப்பம், இத்தனையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் எல்லையில் மூல அட்டையைத்தான் கேட்பார்கள்.

சில இடங்களில் ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்களும் கிடைப்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதுகூட இரண்டாம்பட்சம். மஞ்சள் காய்ச்சலுக்கென்று குணப்படுத்தும் மருந்து இன்னும் கிடையாது, நோய் முற்றியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்து நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். ஊசி போட்டவர்களுக்கோ இந்த நோய் வருவதே மிக அரிது.

எல்லோருக்கும் இந்த ஊசி ஒத்துவராது என்பதும் உண்மை. இது உயிருள்ள கிருமி கொண்ட ஊசி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் போடவே கூடாது, ஒன்பது மாதம்வரை மிக அவசியம் என்றால் மட்டுமே. கோழி முட்டையில் வளர்ப்பதால் முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பி நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 60 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போடுபவர்கள் எல்லாம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட முடியாதவர்களுக்கு மருத்துவ விலக்குக் கடிதம் தருவார்கள், பல நாடுகள் அதை ஏற்கும். ஆனால் கடிதம் கொசுவைத் தடுக்காது, உண்மையிலேயே நோய் பரவும் இடம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று யோசியுங்கள். பேரக்குழந்தையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று அப்பா அம்மாவுக்கும் சேர்த்துப் பயணம் போடுபவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

உங்கள் வழக்கமான குடும்ப மருத்துவர் இந்த ஊசியைப் போட முடியாமல் போகலாம், அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். பயண மருத்துவ மையம் என்று தேடினால் கிடைக்கும். பயண ஊசிகளுக்குக் காப்பீடு பணம் தராமல் போவதும் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்காக அனுப்புகிறார்கள் என்றால் செலவை நிறுவனத்திடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம், பல நிறுவனங்கள் கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

அந்த மையத்தில் முதலில் கேட்கப்போவது உங்கள் பழைய தடுப்பூசிப் பதிவேடு. புதிதாகக் குடியேறிய நம்மில் பலரிடம் அது இருக்காது, சின்ன வயதில் என்னென்ன போட்டார்கள் என்று அம்மாவைக் கேட்டால் "எல்லாம் போட்டாச்சு" என்பார்கள். வீட்டில் அந்த அட்டை இருந்தால் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் தட்டம்மை, ஈரல் அழற்சி (ஹெபடைடிஸ்) போன்றவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஏற்கெனவே போட்டிருந்தாலும் கூடுதல் தவணையால் பொதுவாகக் கெடுதல் இல்லை. குடியேற்றத்துக்காகக் காசநோய்ப் பரிசோதனை பாக்கி இருந்தால் அதையும் சொல்லுங்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள ஊசிகள் அந்தப் பரிசோதனையின் முடிவைச் சில வாரங்களுக்குக் குழப்பக்கூடும், அதனால் ஒரே நாளிலோ நான்கு வாரம் தள்ளியோ செய்வார்கள். இரண்டு உயிருள்ள ஊசிகளுக்கு நடுவிலும் அநேகமாக நான்கு வார இடைவெளி கேட்பார்கள். கடைசி வாரத்தில் போனால் இதெல்லாம் ஒன்றோடொன்று இடிக்கும்.

இனி எல்லையில் யாரும் கேட்காத, ஆனால் உடம்புக்கு வேண்டிய ஊசிகள். தண்ணீர், சாப்பாட்டால் வரும் ஈரல் அழற்சி ஏ, டைபாய்டு இரண்டும் ஏறக்குறைய எல்லாப் பயணிகளுக்கும் சொல்வார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி ஏ சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும், பரிசோதனையில் அது தெரிந்தால் ஊசி தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டைபாய்டு அப்படி இல்லை, ஒருமுறை வந்தாலும் மறுபடி வரும், வழக்கமான ஊசி இரண்டு மூன்று வருடத்தில் வலுவிழக்கும். செனகலிலிருந்து எத்தியோப்பியாவரை குறுக்கே நீளும் பகுதியில் டிசம்பர் முதல் ஜூன் வரை வறண்ட காலத்தில் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) பரவும், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்கு வகைக்கும் சேர்ந்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள். டெட்டனஸ், போலியோ கூடுதல் தவணை பற்றியும் கேளுங்கள்.

வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியைப் பலரும் வேண்டாம் என்று தட்டிவிடுவார்கள். நகரத்தில் மூன்று நாள் கூட்டத்துக்குப் போகிறவர் தட்டலாம். கிராமத்துப் பக்கம் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்பவரும், குழந்தைகளோடு போகிறவரும் தட்டக்கூடாது. முன்தடுப்பு போடாத ஒருவரை நாய் கடித்தால், ஊசிகளோடு காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தி) மருந்தும் வேண்டும், அது பல ஊர்களில் கிடைக்கவே கிடைக்காது. முன்தடுப்பு போட்டிருந்தால் அந்த மருந்து தேவைப்படாது, கடித்த பிறகு இரண்டு தவணை ஊசி போதும். எப்படியிருந்தாலும் கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இவ்வளவு ஊசி போட்ட பிறகும், அங்கே உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்தான மலேரியாவுக்கு இதில் ஊசி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021லும் 2023லும் பரிந்துரைத்த இரண்டு மலேரியா தடுப்பூசிகளும் நோய் உள்ள பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை, பயணிகளுக்கு மாத்திரைதான். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, தினம் ஒன்று, திரும்பி வந்து ஏழு நாள்வரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம், அதில் தோல் வெயிலில் சீக்கிரம் எரியும், சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்களுக்கு வேண்டாம். திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கடைசி நாளில் கடித்த கொசுவின் கிருமி ஈரலில் இருந்து வெளியே வரச் சில நாள் எடுக்கும், அதுவரை மருந்து இரத்தத்தில் இருந்தாக வேண்டும்.

"நாமெல்லாம் கொசுக்கடியில் வளர்ந்தவர்கள், நமக்கு வராது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மலேரியா மறுபடி மறுபடி வந்த பகுதியில் வாழ்பவர்களுக்குக் கிடைக்கும் ஓரளவு பாதுகாப்பும் அங்கிருந்து வெளியேறினால் தேய்ந்துபோகும். ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை, சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அடிஸ் அபாபா போன்ற உயரமான நகரங்களில் மலேரியா இல்லை, ஆனால் அங்கிருந்து கீழே இறங்கினால் நிலைமை வேறு, ஆகவே ஊர் ஊராகச் சொல்லிக் கேளுங்கள். மலேரியா கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும், மஞ்சள் காய்ச்சல் கொசு பகலில் கடிக்கும். அதனால் டீட் என்ற கொசுவிரட்டி கலந்த பூச்சு, முழுக்கை உடை, இரவில் மருந்து தோய்த்த வலை எல்லாமே வேண்டும். கர்ப்பிணிகள் முடிந்தவரை போகாமல் இருப்பதே நல்லது.

அடுத்த வாரமே கிளம்ப வேண்டிய கட்டாயம் என்றாலும் மையத்துக்குப் போங்கள். ஈரல் அழற்சி ஏ ஊசி கிளம்பும் நாளில் போட்டாலும் பயன் தரும், மலேரியா மாத்திரைக்கும் நேரம் இருக்கும்.

திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், அவர்கள் கேட்காவிட்டாலும் "ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா பரிசோதனை செய்யுங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்திருந்தாலும் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்து, காய்ச்சல் விடாமல் இருந்தால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.