கறக்கும் கை வலிக்கிறதா? மலைவீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீடுகளில் ஒன்றோ இரண்டோ கறவை மாடும் இருக்கும். பச்சைத் தேயிலை விலை ஏறினாலும் இறங்கினாலும் சொசைட்டிப் பால் பணம் வந்துகொண்டிருக்கும் என்பதால், மாட்டை யாரும் லேசில் விடுவதில்லை. கறப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்த அதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் காம்பைப் பிடிக்கின்றன. கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்து நாள் முழுக்க அழுத்தினாலும் கதை அதேதான்.

வலி வந்தால் கேட்கும் முதல் வார்த்தை, "மாடு வச்சா கை வலிக்கத்தான் செய்யும்." இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கறப்பவர்களுக்கு வரும் வலியில் பெரும்பகுதி, கறக்கும் விதத்தால் வருவது. மீதி, கறப்பதற்குச் சம்பந்தமே இல்லாத நோயாக இருக்கலாம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எலும்புத் தேய்மானம்" என்று பெயர் வைத்துவிடுவதில்தான் பாதிப் பிரச்சினை.

இழுத்துக் கறப்பது

காம்பை இரண்டு விரலால் பிடித்து மேலிருந்து கீழே உருவிக் கறப்பதுதான் நம் ஊரில் அதிகம். இதில் முழு வேலையும் கட்டைவிரலின் அடி மூட்டுக்கும், மணிக்கட்டு வழியாக அந்த விரலை இழுக்கும் தசைநாண்களுக்கும் போய்விடுகிறது. இன்னொரு வகை, கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் முட்டியில் காம்பை அழுத்தி இழுப்பது. வேகமாக வருவதுபோலத் தெரியும். ஆனால் விரல் மூட்டும் கெடும், காம்பின் உட்புறமும் நைந்து மடிநோய்க்கு வழிவிடும்.

முழுக்கையால் கறப்பது எப்படியென்று நிதானமாகப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பகுதியில், மடியோடு சேரும் இடத்தில், வளையமாக மூடுகின்றன. காம்புக்குள் இறங்கிய பால் இனி மேலே திரும்பிப் போக முடியாது. அடுத்து நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக மூடினால் பால் கீழே பீய்ச்சுகிறது. விரல்களைத் திறந்ததும் காம்பு மறுபடி நிறைகிறது. இவ்வளவு நேரமும் கை கீழே இறங்கவே இல்லை. மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் நிற்கிறது. அழுத்துவது மட்டும்தான், இழுப்பது இல்லை. நான்கு விரலும் பங்கு போட்டுக்கொள்வதால் கட்டைவிரலுக்குப் பாரம் குறைகிறது.

தலையீற்று ஜெர்சி கலப்பினக் கிடேரிக்குக் காம்பு குட்டையாக இருக்கும், நான்கு விரல் நிற்காது. சரி, மூன்று விரலோடு செய்யுங்கள், ஆனால் அப்போதும் அழுத்துங்கள், உருவாதீர்கள். அடுத்தடுத்த ஈற்றில் காம்பு கொஞ்சம் நீளும். கடைசியில் மடியில் மிஞ்சும் கொஞ்சப் பாலுக்கு மட்டும் இரண்டு விரல் போதும்.

நீங்கள் எப்படிக் கறக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடங்குகிறதா, தோள் ஏறி இறங்குகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பால் இறங்குமுன் அவசரப்படுவது

கை வலிக்குப் பெரிய காரணம் இதுதான், இதைச் சொல்பவர்கள்தான் குறைவு. மடியைக் கழுவி, தடவிவிட்டு, கன்றை ஊட்டவிட்டால் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அதற்கு ஏறக்குறைய 1 நிமிடம் ஆகும். அதன் வேலை 5 முதல் 7 நிமிடம் வரை நிற்கும். அந்த நேரத்துக்குள் காம்பு விம்மி நிற்கும், லேசாக அழுத்தினாலே பால் வரும். அதற்கு முன்னால் பிடித்தால் காம்பு தொளதொளவென்று இருக்கும். எத்தனை முறை பிசைந்தாலும் நூல் நூலாகத்தான் வரும். பாலுக்கு உழைக்க வேண்டிய கை வெறுங்காம்புக்கு உழைத்துத் தேய்கிறது.

சொசைட்டிக்குப் பால் போய்ச் சேர வேண்டிய நேரம் நெருங்கினால் நாம் முதலில் வெட்டுவது இந்த ஒரு நிமிடத்தைத்தான். மறுபக்கம், மடியைத் தடவிவிட்டுப் பாதியில் போன் பேசப் போய்விட்டு வந்தாலும் அதே கஷ்டம்தான், சுரப்பு அடங்கிவிடும். மாடு மிரண்டாலும் பால் இறங்காது. சத்தம் போடுவது, புது ஆள் வந்து நிற்பது, அணைக்கயிற்றை இறுக்கிக் கட்டுவது, கொட்டகை ஓரம் நாய் குரைப்பது எல்லாம் சேர்த்துத்தான்.

இதற்குக் குறுக்குவழியாக ஊசி போடும் ஆட்கள் உண்டு. கன்றில்லாத மாட்டுக்கு ஆக்ஸிடோசின் ஊசியை அன்றாடம் ஏற்றி விடுவார்கள். மாட்டின் உடம்பைக் கெடுக்கும்படி ஊசி போட்டுப் பாலைக் கூட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கை வலிக்கு அது மருந்தும் இல்லை.

பால் இறங்கும்வரை பொறுப்பது எருமை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும். எருமைக் காம்பின் நுனித் தசை பசுவுடையதைவிட இறுக்கம், பால் இறங்கவும் நேரம் பிடிக்கும். நீலகிரியில் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் எருமை கறப்பது ஆண்களின் பொறுப்பு. நம் வீடுகளில் மட்டும் இந்த வேலை எப்படிப் பெண்கள் தலையில் வந்து விழுந்தது என்று எனக்கு விளங்கியதில்லை.

குந்திக்கொண்டு கறப்பது

முழங்காலுக்கு நடுவே வாளியை இடுக்கிக் குந்தினால் கை மேலே தூக்கியபடி நிற்கும், மணிக்கட்டு வளையும், தோளும் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். காம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி ஒரு முக்காலியில் உட்காருங்கள். மாட்டை ஒட்டி உட்கார வேண்டும். எட்டிக் கை நீட்டினால் அதற்கும் ஒரு வலி உண்டு. கொட்டகைத் தரை கோமியம் வடிய பின்பக்கம் சரிவாக இருக்கும், அதனால் முக்காலியின் கால்கள் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர், ஈரம், தைலம்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிட்டு நேராகக் காம்பைப் பிடிப்பார்கள். விறைத்த விரல் சரியாக மூடாது, அதை மூடவைக்க இரட்டிப்பு பலம் போடுவோம். ஒரு குண்டான் வெதுவெதுப்பான தண்ணீர் கொட்டகைக்குப் போனால் போதும். அதில் உங்கள் கையையும் ஊறவைக்கலாம், மடியையும் கழுவலாம். அப்புறம் கையையும் மடியையும் துணியால் துடைத்து உலர்ந்த கையோடு உட்காருங்கள். அடுப்புத் தணலில் கையை நீட்டிக் குளிர் காய்வது நல்லதுதான். ஆனால் கை மரத்துப்போகும் பழக்கம் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதைச் செய்யக்கூடாது. சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும்.

வழுக்கட்டும் என்று வாளிப் பால் நுரையைத் தொட்டுத் தொட்டுக் கறப்பது பழைய கெட்ட வழக்கம். ஒரு காம்பின் கிருமியை இன்னொன்றுக்கு நாமே கொண்டு போகிறோம், ஈரத்தில் நம் தோலும் வெடிக்கிறது. வெடித்த கைக்குக் கறந்து முடித்தபின் வேசலின் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் சரிதான், ஆனால் ஊட்டிக் குளிரில் அது பாட்டிலுக்குள் கட்டியாகிக் கிடக்கும், வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வலிக்குத் தைலம் பூசிக்கொண்டு கறக்கவே கூடாது. மாட்டுக் காம்பு எரியும், மாடு உதைக்கும், பாலில் வாடை ஏறும். தைலம் ராத்திரிக்கு.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம். உங்களுக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை மாட்டுக்கும் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். மாடுகளுக்கு அந்த மருந்து 2006-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, ஏனென்றால் அந்த மருந்து ஏறிய மாடு செத்தால் அதைத் தின்னும் பாறு கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு அவை மடிகின்றன. நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான்.

கெட்டிக் காம்பைக் குத்திவிடுவது

சில மாடுகளுக்குக் காம்பின் துவாரமே இறுக்கம். கறப்பவர் கையை ஒரு மாதத்தில் தீர்த்துவிடும். அதற்குத் துடைப்பக் குச்சியையோ கோழி இறகின் தண்டையோ விட்டுத் துவாரத்தைப் பெரிதாக்கும் கைவைத்தியம் நடக்கிறது. அப்படிக் குத்திய காம்பு பெரும்பாலும் மடிநோயில்தான் முடியும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். காம்பில் கட்டியோ தழும்போ இருந்தால் அவர் பார்த்துச் சொல்வார். ஒரு மடிப்பக்கம் மட்டும் திடீரென்று கல்லாகி, சூடாகி, பால் திரிதிரியாக வந்தால் அது மடிநோய். கையில் பலம் போட்டுப் பிசைய வேண்டிய இடமே இல்லை.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க நல்ல இடம் சந்தைதான். மாடு வாங்கும்போது பல்லையும் சுழியையும் பார்க்கிறோம், விற்பவர் கறந்து காட்டும் அளவையும் பார்க்கிறோம். யார் தினம் கறக்கப் போகிறாரோ அவரே இரண்டு வேளை உட்கார்ந்து கறந்து பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

எந்த வலி எங்கே என்று பாராமல் மாத்திரை போடுவது

மெடிக்கலில் "கை வலிக்கு ரெண்டு" என்று வாங்கிப் போடும் மாத்திரை வலியை மறைக்கும், அதே கையால் இன்னும் ஒரு மாதம் தப்பாகக் கறக்கவைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண், நாள்பட்டால் சிறுநீரகம். வலி இருக்கும் இடத்தைக் கவனித்தால் பாதி விவரம் தெரியும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து, ராத்திரி எழுப்பிவிட்டு, கையை உதறினால் குறைகிறது, ஆனால் சுண்டுவிரலில் ஒன்றுமில்லை என்றால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்ப்பல் டனல் என்பார்கள். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் இவற்றிலும் இது வரும், ஆகவே ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறைகிறது. விட்டுவிட்டால் கட்டைவிரலின் அடிச் சதை வற்றிப் போகும்; அதன்பிறகு வெட்டிச் சரிசெய்தாலும் பழைய பலம் முழுதாக வராது.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு ஓரத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தால் அது உருவிக் கறப்பதன் வலி. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் இது வரும். விரல் மடங்கி, டக்கென்று சத்தத்தோடு நிமிர்ந்தால் அது வேறு கோளாறு.

காலையில் எழுந்ததும் இரண்டு கையின் விரல் கணுக்களும் சேர்ந்து வீங்கி, பிடிப்பு ஒரு மணி நேரம் வரை விடவில்லை என்றால் தயவுசெய்து மாட்டின் மேல் பழி போடாதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு தப்பும். இன்னொன்று: மாடு காலம் முந்திக் கன்று வீசியிருந்து, சில வாரம் கழித்து உங்களுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி என்றால், "வீட்டில் மாடு இருக்கிறது, கன்று வீசியது" என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா என்ற கிருமி அப்படித்தான் வரும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதும் அதனால்தான்.

இரண்டு வாரம் முறையை மாற்றியும் குறையவில்லை, அல்லது பிடி தளர்ந்து டம்ளர் நழுவுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதியும் இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கைக்கு ஓய்வே இல்லாமல் மாட்டை அடுக்குவது

கறக்காமல் ஒரு வேளை விட்டால் மடி கட்டும், அதனால் "ஓய்வெடுங்கள்" என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ஓய்வை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இரண்டு மாடும் ஒரே மாதத்தில் கன்று போட்டால் கைக்குப் பாரமும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும். சினை ஊசியை நான்கைந்து மாத இடைவெளியில் போடுங்கள். அடுத்த கன்றுக்கு 60 நாள் முன்பு பாலை வற்றவிடுவது மாட்டுக்கு அவசியம், உங்களுக்கும் அது விடுமுறை. அந்த ஒரு லிட்டர் பாலுக்காகக் கடைசிவரை பிழிந்துகொண்டிருக்கிறோம். பகல் முழுக்கக் கொழுந்து பறித்தவர் காலை மட்டும் கறக்கட்டும், சாயங்காலம் வீட்டில் இன்னொருவர் உட்காரட்டும். புருஷன்மாருக்கும் பத்து விரல்தான்.

கறவை மெஷின் வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்பதும் முழுசாகச் சரியில்லை. கை தப்பும். ஆனால் காம்பில் மாட்டும் ரப்பர் குழல்களை ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவ வேண்டும், பழசானால் மாற்ற வேண்டும். பால் நின்றபின்னும் ஓடவிட்டால் காம்பு புண்ணாகும். ஒரு மாட்டுக்கு அந்தக் கழுவும் வேலையே கறக்கும் நேரத்தைவிட அதிகம். மூன்று நான்கு மாடு இருந்தால் கணக்கு வேறு. அக்டோபர், நவம்பரில் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் பழையபடி கைதான். மெஷினுக்கே பழகிவிட்ட மாடு அன்றைக்குக் கை பட்டால் உதைக்கும், எனவே வாரத்தில் ஒரு வேளையாவது கையாலும் கறந்து வையுங்கள்.