கோவலன் என்ன டைப்? எட்டுச் செயல்பாடுகளை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் வீடு மதுரை பழங்காநத்தம். பக்கத்தில்தான் கோவலன் பொட்டல், சிலப்பதிகாரத்துக் கோவலனை வெட்டின இடம் என்று ஊரில் சொல்வார்கள். அவனைப் பற்றிப் பேச்சு வந்தாலே பாதிப் பேருக்கு அவன் பெண்டாட்டியை விட்டுட்டுப் போனவன், மீதிப் பேருக்கு அநியாயமாகச் செத்த பாவப்பட்ட மனுஷன். ரெண்டுமே அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லவில்லை. கதாநாயகர்களின் ஆளுமை வகையைக் கண்டுபிடிக்கப் பழகுகிறவர்கள் கோவலனை முதலில் எடுக்கலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடிப்படை இதுதான். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் நான்கு செயல்பாடுகளை விளக்கினார்: புலனறிவு, உள்ளுணர்வு, சிந்தனை, உணர்ச்சி. முதல் ரெண்டும் உலகத்தை உள்ளே வாங்க, அடுத்த ரெண்டும் முடிவெடுக்க. ஒவ்வொன்றும் அகத்தையோ புறத்தையோ பார்த்திருக்கும், ஆக எட்டு. பிரிக்ஸ், மையர்ஸ் என்ற தாயும் மகளும் பின்னால் இதிலிருந்து 16 வகைகளை உருவாக்கினார்கள். ஒரு வகைக்கு நான்கு செயல்பாடுகள் வரிசையாக வரும், முதலாவதற்கு நேர் எதிரானதே நாலாவது, அதுதான் பலவீனமான இடம்.

இப்போது கதைக்கு வாருங்கள். அவன் வணிகர் மகன், அதனால் கணக்குப் பார்க்கிற புறச் சிந்தனை என்று ஆரம்பிக்காதீர்கள். தொழிலும் குலமும் சான்று ஆகாது. ஊழ்வினை என்று இளங்கோ சொல்கிற இடங்களையும் தள்ளி வையுங்கள். அவனே எடுத்த முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்தில் அதற்கு முன் என்ன நினைத்தான், பின் என்ன நினைத்தான் என்று எழுதுங்கள்.

எழுதினால் ஒன்று பளிச்சென்று தெரியும். 1008 கழஞ்சு பொன் விலை சொன்ன மாலையைத் தெருவில் பார்த்தான், வாங்கினான், அதை விற்ற மாதவியின் பணிப்பெண் கூனி பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போய்விட்டான். மதயானை ஒரு முதிய அந்தணரைப் பிடித்தபோது யோசிக்காமல் பாய்ந்து காப்பாற்றினான். சிலம்பு இருக்கிறது என்று கண்ணகி சொன்னதும் விடிவதற்குள் ஊரை விட்டே கிளம்பிவிட்டான். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்த உடனே கை நீளுகிறது. இது புறப் புலனறிவு.

மனசு பேசுவது பிறகுதான், ஆனால் ஆழமாகப் பேசுகிறது. மாதவியின் ரெண்டாவது கடிதத்தைப் படித்ததும் குற்றம் தன்னுடையது என்று உணர்கிறான். மதுரையில் மாதரி வீட்டில் கண்ணகியிடம் 'எழுகென எழுந்தாய் என்செய்தனை' என்று உருகுகிறான், எனக்கு எத்தனை தடவை படித்தாலும் தொண்டை அடைக்கிற இடம். யாரும் அவனைக் கேள்வி கேட்கவில்லை, தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறான். அதனால் அக உணர்ச்சி. அதுவே முதலாவதாக இருந்திருந்தால் மனசைக் கேட்டுவிட்டுத்தான் கால் நகர்ந்திருக்கும், இவனுக்கோ எப்போதும் கால் முந்துகிறது. ஆகவே இஎஸ்எஃப்பி (புறப் புலனறிவு முதலில், அக உணர்ச்சி அடுத்து), ஐஎஸ்எஃப்பி (அக உணர்ச்சி முதலில், புறப் புலனறிவு அடுத்து) இல்லை.

சரி, இத்தோடு நிறுத்தாதீர்கள். நாலாவது செயல்பாட்டில்தான் உங்கள் முடிவு நிற்குமா விழுமா என்று தெரியும். இந்த வகைக்கு அது அக உள்ளுணர்வு, அதாவது மறைந்திருக்கும் ஒற்றை அர்த்தத்தைப் பிடிப்பது. அது பலவீனமாக இருக்கிறவர் இக்கட்டில் தப்பான அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். கானல்வரியை, அதாவது கடற்கரையில் ரெண்டு பேரும் பாடுகிற பகுதியைப் பாருங்கள்: மாதவி பாட்டுக்குள் வேறொருத்தன் இருக்கிறான் என்று அவனாகவே முடிவு கட்டுகிறான், ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போகிறான். மதுரையில் பொற்கொல்லனைப் பார்க்கும்போது இதன் மறுபக்கம். சட்டையையும் கூட வருகிற கூட்டத்தையும் பார்த்து அரசன் மதிக்கிற ஆள் என்று நம்பிவிடுகிறான், உள்ளே என்ன ஓடுகிறது என்று பிடிபடவே இல்லை.

உங்களுக்கு வேறு வகை தோன்றினால் அதன் நாலாவதை எடுத்து இதே ரெண்டு இடங்களில் பொருத்திப் பாருங்கள், அங்கே அது உட்கார்ந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் மாதவியை எடுங்கள். அந்தக் கடற்கரைப் பாட்டும் அவள் எழுதிய ரெண்டு கடிதங்களும் ஆரம்பிக்கப் போதும்.