வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போகிறீர்களா? ஐடிபி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லோரும் ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று சொல்கிற அந்தச் சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம், அதாவது ஐடிபி (இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்), உண்மையில் லைசென்ஸே இல்லை. உங்கள் ஊர் லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் துணை ஆவணம், அவ்வளவுதான். அதனால் ஒரிஜினலை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு ஐடிபியை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினால் கையில் ஒன்றுமே இல்லை என்றுதான் அர்த்தம். டிஜிலாக்கரில் இருக்கிறதே என்று போனை நீட்டுவது நம்மூர் டிராபிக் போலீஸிடம் எடுபடும், டோக்கியோவின் வாடகைக் கார் கவுண்டரில் எடுபடாது. லைசென்ஸ் அட்டை கையோடு இருக்க வேண்டும்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத விஷயம்: உலகம் முழுக்க ஐடிபி ஒரே வகை இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படுவது ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்படுவது இன்னொன்று. இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் வம்பு. அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படித்தால்தான் எது என்று தெரியும். ஜப்பான் 1949 புத்தகத்தை மட்டும்தான் ஏற்கும். இந்திய ஆர்டிஓ கொடுப்பது 1949 வகை என்பதால் சென்னையிலிருந்து போகிறவருக்கு அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் சூரிச்சிலோ பாரிஸிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருக்கும் நம் சொந்தக்காரர்கள், அந்தந்த நாட்டு ஐடிபியை எடுத்துக்கொண்டு போய் ஒசாகாவில் கார் கேட்டால் சாவி கிடைக்காது. சுவிஸ், பிரெஞ்சு, ஜெர்மன் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு வாங்க வேண்டும், அதை ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன் செய்து தருகிறது. வியட்நாமில் கதை தலைகீழ். அவர்கள் 1968 ஒப்பந்தக்காரர்கள், கனடாவில் சிஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் கொடுக்கும் 1949 புத்தகத்தை வைத்துக்கொண்டு ஹா ஜியாங் மலைப் பாதையில் பைக் ஓட்டினால், போலீஸ் கணக்கில் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். சீனப் பெருநிலத்தில் எந்த ஐடிபியும் செல்லாது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், அங்கே இரண்டு வகையும் கிடைக்கும். பேபாயின்ட் கடையில் ஐந்தரை பவுண்டு கொடுத்தால் கையில் தந்துவிடுவார்கள், ஆனால் போகிற நாட்டுக்கு எது தேவை என்று பார்த்துக் கேட்பது உங்கள் பொறுப்பு. ஒரே பயணத்தில் இரண்டு நாடு என்றால் இரண்டு புத்தகம்கூட வாங்க வேண்டி வரலாம்.

ஆன்லைனில் தேடும்போது ‘பத்து வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ், வீட்டுக்கே வரும்’ என்று ஜிகுஜிகுவென்று தளங்கள் வரும். போலி. 1949 ஐடிபிக்கு ஆயுள் ஒரு வருடம், 1968 வகைக்கு அதிகபட்சம் மூன்று வருடம். அதற்கு மேல் சொல்கிறவர் விற்பது வெறும் அட்டை. லைசென்ஸ் கொடுத்த நாடுதான் ஐடிபியும் கொடுக்க முடியும். இந்தியாவில் அது உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், இலங்கையில் கொழும்பில் இருக்கும் சிலோன் ஆட்டோமொபைல் சங்கம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, 1000 ரூபாய் கட்டினால் நம்மூரில் வேலை முடிந்தது. விசா கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று இன்னும் சில ஏஜென்ட்கள் பயமுறுத்துவார்கள். அந்த நிபந்தனையை 2021-லேயே எடுத்துவிட்டார்கள், மருத்துவச் சான்றையும்தான். வெளிநாட்டில் இருக்கும்போது ஐடிபி காலாவதியானால் இந்தியத் தூதரகம் வழியாகவே புதுப்பிக்கவும் அதே ஆண்டில்தான் வழி செய்தார்கள். ஒன்று, ரொம்ப முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள், புத்தகம் கொடுத்த தேதியிலிருந்து நாள் ஓட ஆரம்பித்துவிடும்.

புத்தகம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் வாகன வகைகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஏ, பி, சி, டி, இ என்று வரிசையாக இருக்கும். ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் கார். உங்களுக்குத் தகுதி உள்ள எழுத்துக்கு நேரே முத்திரை விழுந்திருக்க வேண்டும். லைசென்ஸில் எல்எம்வி (கார் போன்ற இலகுரக வாகனம்) மட்டும் இருந்தால் பி-க்கு மட்டும்தான் விழும். இதைப் பார்க்காமல் போய் தாய்லாந்தின் ஃபுகெட்டில் ஸ்கூட்டர் எடுப்பதுதான் நான் கேள்விப்படுகிற கதைகளிலேயே மோசமானது. வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார், அவர் கொடுத்துவிட்டார் என்பதற்காக நீங்கள் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். விழுந்து கால் முறிந்தால்? செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் வந்த காயம் என்றால் பயணக் காப்பீட்டில் பணம் வராது, ஆஸ்பத்திரி பில் முழுவதும் உங்கள் தலையில். அபராதத்துக்குப் பயப்படுவதைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்புறம் பெயர். இது தமிழர்களுக்கென்றே அமைந்த தலைவலி. லைசென்ஸில் ‘கே. முருகன்’, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கும், கிரெடிட் கார்டில் இன்னொரு மாதிரி. ஐடிபியில் வருவது லைசென்ஸில் இருக்கும் பெயர். முன்பின் தெரியாத ஊரில் கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு இது மூன்றும் ஒரே ஆள் என்று இரவு பதினோரு மணிக்கு விளக்கிப் புரியவைப்பது சுலபமில்லை. நேரம் இருந்தால் முதலில் லைசென்ஸில் பெயரைத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு ஐடிபிக்கு விண்ணப்பியுங்கள்.

இதெல்லாம் சுற்றுலாப் பயணிக்கு. வேலைக்கோ படிப்புக்கோ போய்க் குடியேறுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. ஐடிபி ஒரு வருடம் செல்லும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று அதையே நம்பி ஓட்டுவார்கள். துபாயில் ரெசிடென்ஸ் விசா அடித்த நிமிடமே அந்தக் கணக்கு முடிந்துவிடும், அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் குடியேறினால் 10 நாளுக்குள் அங்கே லைசென்ஸுக்குப் போக வேண்டும், ஜெர்மனியில் 6 மாதம். பிரிட்டனில் இந்திய லைசென்ஸை வைத்தே 12 மாதம் ஓட்டலாம், ஐடிபிகூட வேண்டாம். ஆனால் அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், தேர்வு எழுதி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஓட்டிக் காட்டும் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது, ஆகவே பதினோராவது மாதம் வரை காத்திருக்காமல் போன உடனேயே புரொவிஷனல் என்கிற பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.