வானத்தில் விசித்திரமான வெள்ளைக் கோடா? போட்ட விமானத்தைக் கண்டுபிடிக்கும் வழி

போன மாதம் ஒரு சாயங்காலம், மேற்கு வானத்தில் ஐந்து நீள்வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்த மாதிரி. படம் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு மேலே பறந்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூட வட்டமடிக்கவில்லை. மூன்று நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

1. படம் எடுங்கள்

கோட்டை மட்டும் பெரிதாக்கி எடுக்காதீர்கள். கீழே ஒரு கட்டடமோ மரமோ தெரியட்டும். திசைகாட்டி செயலியில் திசையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தூரத்தைக் கணக்கிடுங்கள்

கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து கோடு வரை எத்தனை முட்டி என்று எண்ணுங்கள். விமானம் 10 கி.மீ. உயரத்தில் போனது என்று வைத்துக்கொண்டால், நாலரை முட்டிக்குத் தரைத்தூரம் (நம்மிடமிருந்து கோட்டுக்கு நேர் கீழே உள்ள இடம் வரை) 10 கி.மீ., மூன்று முட்டிக்கு 17, ஒரு முட்டிக்கு 57. அடிவானத்தை ஒட்டித் தெரியும் கோடு நாம் நினைப்பதைவிட எவ்வளவோ தள்ளி இருக்கிறது. நம்மை நோக்கி வரும் விமானத்தின் கோடு அங்கே செங்குத்தாக ஏறுவது போலவும் தெரியும். 2010 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாக் கடலோரத்தில் இப்படி ஒரு கோட்டைப் படம்பிடித்து, ஏவுகணை என்றே செய்தி பரவியது. விமானம் விட்ட தடமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிறகு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் சொன்னது.

3. நேரத்தை மாற்றுங்கள்

விமானங்கள் பறக்கும் பாதையைக் காட்டும் இணையதளங்கள் பெரும்பாலும் யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். உங்கள் ஊர் நேரத்தை அதற்கு மாற்றிக்கொண்டு தேடுங்கள்.

4. காற்றைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. அந்தக் கோடு புகை அல்ல. எஞ்சினிலிருந்து வரும் நீராவி, மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிரில் உறைந்து பனித்துகளாகிறது. மேலே காற்று வறண்டிருந்தால் விமானத்தின் பின்னாலேயே கரைந்துவிடும். ஈரம் மிகுந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். நிற்கும் என்றால் இருந்த இடத்திலேயே நிற்காது, காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். ஆக, நீங்கள் பார்க்கும் இடம் வேறு, விமானம் பறந்த இடம் வேறு.

காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் விண்டி (Windy) இணையதளத்தில் 250 ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்த அளவு) மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது சுமார் 10 கி.மீ. உயரம். தரைக்காற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள், மேலே திசையே வேறாக இருக்கலாம். எனக்கு அன்று மேற்கிலிருந்து மணிக்கு 110 கி.மீ. வேகம் காட்டியது. பத்து நிமிடத்துக்கு 18 கி.மீ. கோடு கிழக்கே நகர்ந்திருக்கிறது என்றால் விமானத்தை மேற்கே தேட வேண்டும்.

கோட்டின் வயதை அதன் ஓரம் சொல்லும். கத்தியால் கீறினது போல மெலிதாக இருந்தால் சில நிமிடம்தான். பஞ்சைப் பிய்த்தது போல ஓரம் சிதறியிருந்தால் அரை மணிக்கு மேல். என் படத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று முட்டி உயரத்தில் இருந்த வளையம் பஞ்சாகிவிட்டிருந்தது. அதற்கு 40 நிமிடம் வைத்தேன். காற்று இழுத்தது 73 கி.மீ., தரைத்தூரம் 17. ஆக மேற்கே 90 கி.மீ.

5. விமானப் பாதையை ஓட்டிப் பாருங்கள்

விமானப் பாதை காட்டும் தளங்களில் ஃப்ளைட்ரேடார்24 அழகாக இருக்கும். ஆனால் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் சில விமானங்களை மறைத்துவிடும். இந்த வேலைக்கு நான் ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் (ADS-B Exchange) என்ற தளத்தைத்தான் சொல்வேன், அது மறைப்பதில்லை. பழைய நேரத்தை ஓட்டிக் காட்டும் வசதியும் உண்டு. 40 நிமிடம் முன்னால், 90 கி.மீ. மேற்கே போய்ப் பார்த்தேன். இருந்தது! ஒரே விமானம், ஒரே நீள்வட்டத்தில், சுற்றுக்கு எட்டு நிமிடமாக ஐந்து சுற்று. அந்த நீள்வட்டம் இடத்தை விட்டு அசையவே இல்லை. ஒவ்வொரு சுற்றையும் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போக, அடுத்த சுற்று பழைய இடத்திலேயே விழ, ஸ்பிரிங் உருவாகிவிட்டது. அந்தத் திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

பின்சேர்க்கை: ஏணிப்படி மாதிரி இணைகோடுகள் தெரிகின்றனவே, விமானங்கள் வரிசை கட்டிப் பறந்தனவா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஒரே வான்பாதையில் சில நிமிட இடைவெளியில் போன விமானங்கள் அவை. முந்தைய கோட்டைக் காற்று நகர்த்திய பிறகு அடுத்தது வருகிறது. இரண்டு வான்பாதைகள் குறுக்கிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மற்றொருவர் விமானத்துக்கு முன்னால் கறுப்புக் கோடு ஓடுவதைப் படம் அனுப்பினார். அதற்கு நாலாம் படி வேண்டாம். சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும்போது, வெள்ளைக் கோட்டின் நிழல் கீழே உள்ள மெல்லிய மேகத்தின் மேல் விழுகிறது. சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று படத்தில் பாருங்கள், போதும்.