ஏபிஆர்எஸ் வடிகட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கம்பக்கத்து நிலையங்களின் அறிக்கைகள் மட்டும் வந்தால் போதும் என்றுதான் ஹாம் ரேடியோக்காரர்கள் பலரும் ஏபிஆர்எஸ் (நிலையங்கள் தம் இருப்பிடம், வானிலை, செய்தி ஆகியவற்றை வானொலியில் அனுப்பும் முறை) மென்பொருளில் வடிகட்டி, அதாவது எவை வர வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் வரி, எழுதுகிறார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் வரைபடத்தில் உலகமே வந்து குவிந்திருக்கும். இல்லையென்றால் ஒரு புள்ளிகூடத் தென்படாது. சர்வரைச் சந்தேகிப்பதற்கு முன் நாம் எழுதிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

நிபந்தனைகளை அடுக்க அடுக்க வடிகட்டி இறுகும் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. அறிக்கைகளை இணையத்தில் பகிரும் ஏபிஆர்எஸ்-ஐஎஸ் சர்வரில் இடைவெளி விட்டு எழுதும் ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு தனி வாசல். ஏதாவது ஒன்றின் வழியே நுழைய முடிந்தாலும் அறிக்கை உள்ளே வந்துவிடும். 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் வானிலை நிலையங்கள் மட்டும் வேண்டும் என்று நானும் ஒருமுறை தொலைவு வடிகட்டியை எழுதி, பக்கத்திலேயே வானிலை வகை வடிகட்டியைச் சேர்த்தேன். சில நிமிடங்களில் வேறு கண்டங்களின் வெப்பநிலையும் காற்றின் வேகமும் திரையில் ஓடத் தொடங்கின. அருகில் ஓடும் வண்டிகளும், அறிக்கைகளை மறுஒலிபரப்பும் டிஜிபீட்டர்களும் அப்படியே இருந்தன. "அருகில் இருப்பவை அனைத்தும், கூடவே உலகின் வானிலை அனைத்தும்" என்றுதான் சர்வர் அந்த வரியைப் படித்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது.

இதற்கான வழி அந்த வகை வடிகட்டிக்குள்ளேயே இருக்கிறது. வகைக்கான எழுத்துக்குப் பின் சாய்கோடு இட்டு ஒரு நிலையத்தின் அழைப்புக்குறி (அதன் அடையாளப் பெயர்), மறுபடி சாய்கோடு இட்டு கிலோமீட்டர் என்று எழுதினால், அந்த நிலையத்தைச் சுற்றி அந்தத் தொலைவுக்குள் இருக்கும் அந்த வகை மட்டுமே வரும். இரண்டு நிபந்தனைகளும் ஒரே வடிகட்டிக்குள் இருந்தால்தான் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும். வேண்டாதவற்றை நீக்க முன்னால் கழித்தல் குறி இடலாம். ஆனால் அது மற்ற வாசல்கள் அனுமதித்ததிலிருந்து மட்டுமே கழிக்கும். கழித்தல் வடிகட்டியை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால் திரை காலியாகவே கிடக்கும்.

திரை காலியாக இருப்பதற்கு இன்னொரு காரணம் ஆயத்தொலைவு, அதாவது அகலாங்கும் நெட்டாங்கும். வடிகட்டிக்குத் தசம பாகை வேண்டும். வானில் போகும் ஏபிஆர்எஸ் பாக்கெட்டிலோ பெரும்பாலும் பாகையும் நிமிடமும் இருக்கும். அதைப் பார்த்து எழுதுபவர்கள் 40 பாகை 30 நிமிட அகலாங்கை 40.30 என்று எழுதிவிடுகிறார்கள். எழுத வேண்டியது 40.5. அந்த 0.2 பாகை வித்தியாசம் தொலைவு வடிகட்டி போடும் வட்டத்தின் மையத்தை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தள்ளிவிடும். தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி கட்டாயம். அதை விட்டால் வட்டம் வேறொரு கண்டத்திலோ நடுக்கடலிலோ போய் விழும். தொலைவு கிலோமீட்டரில்தான், மைலில் அல்ல.

"என்னைச் சுற்றி இவ்வளவு தூரம்" என்று கேட்கும் வடிகட்டியிலும் ஒரு கவனம் தேவை. நீங்கள் இருக்கும் இடம் சர்வருக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். கடவு எண் இல்லாமல், வாசிப்பதற்கு மட்டும் நுழைந்திருந்தால் நீங்கள் அனுப்பும் இருப்பிட அறிக்கையைச் சர்வர் ஏற்காது. மையமே இல்லாத வட்டத்துக்குள் எதுவும் விழாது.

நண்பர்களின் பட்டியலை எழுதும்போது அழைப்புக்குறிக்குப் பின் வரும் எஸ்எஸ்ஐடி எண்ணை மறக்காதீர்கள். வெறும் அழைப்புக்குறியை எழுதினால், அதே நண்பர் காரில் -9 என்று ஓட்டிச் செல்லும் நிலையம் அதில் பொருந்தாது. முடிவில் நட்சத்திரக் குறி இட்டால் அவருடைய எல்லா நிலையங்களும் வரும்.

சர்வரின் இணைப்பு எண்ணையும் (போர்ட்) ஒருமுறை சரிபாருங்கள்: நாமே வடிகட்டி வகுக்கும் வாசல் 14580. முழு ஓட்டமும் கொட்டுவது 10152.

இதுவரை சொன்ன தவறுகள் உங்கள் திரையோடு முடிந்துவிடும். வானொலிக்கும் இணையத்துக்கும் பாலமான ஐகேட் நிலையம் நடத்துபவர் செய்யும் தவறு அப்படி முடியாது. வடிகட்டி எழுதினால்தான் உள்ளூர் நிலையங்களுக்கு இணையத்திலிருந்து செய்தி வரும் என்று எண்ணி அகலமான வட்டம் போடுகிறார்கள். அது தேவையே இல்லை. உங்கள் ஐகேட் அண்மையில் வானில் கேட்டு இணையத்துக்கு அனுப்பிய நிலையங்களுக்கான செய்திகளை, வடிகட்டி இல்லாமலே சர்வர் உங்களிடம் சேர்த்துவிடும். வட்டத்தில் சிக்கும் மற்ற அறிக்கைகளையும் வானில் ஒலிபரப்ப அமைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 1200 பாட் வேகத்தில் 100 பைட் பாக்கெட்டுக்கே முக்கால் நொடி வரை ஆகும். ஒலிபரப்புக் கருவி நிலைபெறும் நேரம் அதற்கு மேல். எல்லாரும் பகிரும் ஒரே அலைவரிசை அது. கையடக்கக் கருவியுடன் மலையேறும் ஒருவரின் மெல்லிய பீக்கன் (இருப்பிட அறிவிப்பு) அந்த நெரிசலில் யாருக்கும் கேட்காமல் போகும். ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் புரூனிங்கா, உள்ளூரில் இப்போது நடப்பதை அறிவதற்கான வலை என்றே அதைத் திரும்பத் திரும்ப விளக்கினார்.

டைர் வுல்ஃப் என்ற ஏபிஆர்எஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இதிலேயே இன்னொரு குழப்பம். சர்வரிடம் கேட்கும் வடிகட்டிக்கு ஒரு வரி, இணையத்திலிருந்து வந்ததில் எது வானொலிக்குப் போகலாம் என்பதற்கு வேறு வரி. முதல் வரி நீங்கள் இணையத்துக்கு அனுப்புவதை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. முதல் வரியை எழுதாமலே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் செய்திகளை மட்டும் அனுமதித்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.