உறைபனி மண்ணில் கார்பன் தேதி எடுக்கும்போது

கனடாவின் யூகான் பகுதியில், ஓல்ட் குரோவில், 1966இல் கரிபூ மானின் கால் எலும்பால் செய்த தோல் சுரண்டும் கருவி ஒன்று கிடைத்தது. 1973இல், அதில் எஞ்சியிருந்த கதிரியக்கக் கார்பனை (கார்பன்-14) அளந்து, அதன் வயது 27,000 ஆண்டு என்றார்கள். 1986இல் அதே கருவியை மறுபடி அளந்தபோது வந்தது சுமார் 1,350 ஆண்டு! முதலில் அளந்தது எலும்பின் கனிமப் பகுதியை, அதில் நிலத்தடி நீரின் கார்பனேட் சுலபமாகக் கலந்துவிடும். இரண்டாவது முறை புரதத்தை. ஆகவே ஆய்வகத்துக்கு எலும்பு அனுப்பினால் அதன் புரதமான கொலாஜனைப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள், அதன் கார்பன்-நைட்ரஜன் விகிதத்தையும் கேளுங்கள். 2.9க்கும் 3.6க்கும் இடையில் இல்லையென்றால் அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

சரி, எதை அனுப்புவது? மனிதக் கை பட்டது உறுதியாகத் தெரிவதை. வெட்டுத் தழும்பு உள்ள எலும்பென்றால் அந்த எலும்பையே அளக்க வேண்டும், பக்கத்தில் கிடந்ததை அல்ல, ஏனென்றால் உறைந்து உருகும் மண் பொருள்களை மேலும் கீழும் நகர்த்திவிடும், தரை அணில்களும் வளை தோண்டிக் கலக்கிவிடும். அடுப்புக் கரி நல்லதுதான், ஆனால் குளிரில் செத்த மரம் நெடுங்காலம் மக்காமல் கிடக்கும், அதை யாரோ பொறுக்கி எரித்திருந்தால் தேதி மனிதரைவிட மரத்துக்கே பொருந்தும். அதனால் கரியை முதலில் மர வகை அறிந்தவரிடம் காட்டி, வில்லோ போன்ற செடிகளின் மெல்லிய சுள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அழிந்துபோன யானை இனமான மாமத்தின் தந்தத்தில் இன்னும் கவனம் தேவை: அலாஸ்காவில் ஸ்வான் பாயிண்ட் என்ற தொல்லிடத்தில் தந்தத்தில் வேலை செய்திருக்கிறார்கள், ஆனால் யானை செத்துப் பல காலம் கழித்துக்கூட ஒருவர் தந்தத்தை எடுத்திருக்கலாம்.

எடுக்கும்போது வெறும் கையால் தொடாதீர்கள், பஞ்சு, காகிதத்தில் சுற்றாதீர்கள், அலுமினியத் தாள் போதும். கார்பன்-14 முழுக்கச் சிதைந்துபோன மிகப் பழைய மாதிரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் சேர்ந்தாலே அது 37,000 ஆண்டாகத் தெரியும். அலாஸ்காவின் நெனானா பள்ளத்தாக்கில் இதற்கு நேர்மாறான ஆபத்து: அங்கே மண்ணிலேயே இருக்கும் பழுப்பு நிலக்கரி கலந்தால் வயது கூடிவிடும்.

ஒரே தேதியை வைத்து ஆதி மனிதர் வந்த காலத்தை அறிவிக்காதீர்கள். ஒரே அடுக்கில் கரி, எலும்பு என வெவ்வேறு பொருளில் பல தேதிகள் ஒத்துவர வேண்டும்.

அப்புறம் திருத்தம், அதாவது கார்பன் ஆண்டை நாள்காட்டி ஆண்டாக மாற்றுவது. ஆய்வகம் தரும் எண் 1950இலிருந்து பின்னோக்கி எண்ணும் கார்பன் ஆண்டு. ஸ்வான் பாயிண்டின் அடி அடுக்கு ஏறக்குறைய 12,000 கார்பன் ஆண்டு, நாள்காட்டிக் கணக்கில் சுமார் 14,000. எழுதும்போது இரண்டையும், பிழை வரம்பையும், எந்தத் திருத்த வளைகோடு என்பதையும் போடுங்கள், இன்ட்கால்20 என்றால் அப்படியே. ஆய்வகம் மாதிரிக்குக் கொடுக்கும் அடையாள எண்ணை விட்டுவிடாதீர்கள், பின்னால் சரிபார்ப்பவர் அதைத்தான் தேடுவார்.