ஸ்க்லீரோடெர்மா உள்ளவர்களுக்கு வீட்டுப் பயிற்சி: முதலில் வெந்நீர், அப்புறம் விரல்

எங்கள் மதினிக்கு ஸ்க்லீரோடெர்மா. கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்து தோலும் சிலருக்கு உள்ளுறுப்புகளும் இறுகிப்போகிற அபூர்வ நோய், பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்று கையைச் சும்மா வைத்திருந்தால் விரல் மடங்கினபடியே நின்றுவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. நுரையீரல், இதயப் பரிசோதனைகளை முடித்து, என்னென்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தசையிலும் அழற்சி இருந்தால் கணக்கே வேறு.

முதலில் கையைச் சூடாக்க வேண்டும். குளிர் பட்டால் விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து, அப்புறம் சிவக்குமே, அந்த ரேனாட் தொல்லை இவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. குளிர்ந்த கையை நீட்டி மடக்கினால் வலிதான் மிச்சம். வெதுவெதுப்பான வெந்நீரில் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள், சூடு சரியா என்று வீட்டில் வேறு யாராவது முழங்கையை விட்டுப் பார்க்கட்டும், ஏனென்றால் மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. கையை எடுத்ததும் நன்றாகத் துடைத்து, எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். ஈரக் கையோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் செய்ததெல்லாம் வீண். விரலில் புண் இருந்தால் ஊறவைக்கவும் வேண்டாம், அந்த விரலை இழுக்கவும் வேண்டாம். மெழுகுவர்த்தியை உருக்கிக் கையை விடுவது கூடவே கூடாது, மெழுகு வைத்தியத்தைப் பிசியோதெரபிஸ்டிடம் விட்டுவிடுங்கள்.

இந்த நோய் விரலை ஒரே பக்கமாக இழுப்பதில்லை. விரல் தொடங்கும் முட்டி மடங்காமல் விறைத்துக்கொள்ளும், நடு மூட்டோ நிமிராது, கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். மறு கையால் முட்டியை மெதுவாக மடக்கிப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். அடுத்து கையை மேஜைமேல் வைத்து நடு மூட்டை அழுத்தி நிமிர்த்துங்கள். கட்டைவிரலுக்கு டம்ளரைச் சுற்றிப் பிடித்தால் போதும், ஆனால் எவர்சில்வர் டம்ளர் காலையில் சில்லென்று இருக்கும், அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் கும்பிடுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்துங்கள். தோல் ‘இழுக்குது’ என்கிற இடத்தில் நிறுத்துங்கள், தோல் வெளுத்தாலோ சுள்ளென்று வலித்தாலோ அது அதிகம். காலையும் மாலையும் ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து முறை.

அடுத்து வாய். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வாய் சுருங்கினால் பல் தேய்க்க முடியாது, பல் டாக்டரால் உள்ளே பார்க்கவும் முடியாது. அல்வாவாவது வழுக்கிக்கொண்டு போய்விடும், கொய்யாப்பழம் கடிக்க வாய் வேண்டுமே! நன்றாகத் திறந்து பத்து எண்ணுங்கள், கன்னத்தை உப்புங்கள், உதட்டைக் குவியுங்கள். அப்புறம் கையைக் கழுவி, வலது கட்டைவிரலை இடது வாயோரத்தில் உள்ளே விட்டு வெளிப்பக்கமாக மெல்ல இழுங்கள், பிறகு கை மாற்றுங்கள். மதினி கண்ணாடி முன்னால் நின்று இதைச் செய்யும்போது ஆச்சி, “ஏட்டி, யாரைப் பயங்காட்டுதே?” என்பார்கள். சிரிப்பதும் நல்ல பயிற்சிதான். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்தால் வாய்க்குள் போகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள், டாக்டருக்கு உதவும்.

நடை அவசியம். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். சாப்பிட்டவுடன் குனிந்து நிமிர்கிற பயிற்சி வேண்டாம், நெஞ்சு எரியும். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் காலைக் காற்றே விரலைச் சுருட்டிவிடும், வெயில் ஏறின பிறகு கையுறையும் சாக்ஸும் போட்டு நடங்கள். அருவிக் குளியலை ஆசைக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற அக்காமார்கள் அந்த வேலையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், விரல்நுனிப் புண்ணோடு தட்டும் கத்தரியும் பிடிப்பது ஆபத்து. வீட்டில் யார் புகைத்தாலும் வெளியே அனுப்புங்கள், நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி எண் குறைவாக வந்தால் குளிர்ந்த விரல் பொய் சொல்லவும் வாய்ப்புண்டு, காது மடலிலோ நெற்றியிலோ வைக்கிற கருவியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.